பக்கத் தலைப்பு ஏன் ஒற்றை ஏ?

இணைய அணுகல் நெறிகளின் மிகச் சிறிய விதிகளில் ஒன்று 2.4.2. ஒவ்வொரு வலைப்பக்கத்துக்கும் தலைப்பு இருக்க வேண்டும், அது பக்கத்தின் பொருளையோ நோக்கத்தையோ சொல்ல வேண்டும் என்பதோடு விதி முடிந்துவிடுகிறது. விதிவிலக்கு இல்லை, எத்தனை எழுத்து என்ற கணக்கும் இல்லை. இதற்குத் தரப்பட்டிருக்கும் நிலை ஒற்றை ஏ. அதே பிரிவில், விசைப்பலகையால் நகரும்போது ஃபோகஸ் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்கிற 2.4.7-க்கு இரட்டை ஏ. உள்ளடக்கத்தைத் துணைத்தலைப்புகள் போட்டுப் பிரிக்க வேண்டும் என்கிற 2.4.10-க்கு மூன்று ஏ. இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் படிக்கும் புதியவர், தலைப்புதான் தலையாயது, ஃபோகஸ் அடுத்தது, துணைத்தலைப்பு இருந்தால் நல்லது என்று முடிவுகட்டிவிடுவார். பல நிறுவனங்களின் வேலைத்திட்டமும் இப்படித்தான் போடப்படுகிறது: இந்தக் காலாண்டில் ஒற்றை ஏ, அடுத்ததில் இரட்டை ஏ, மூன்று ஏ பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. எளிதாகத் தோன்றும் இந்த வாசிப்பு தவறானது. ஏ என்ற எழுத்து ஒரு குறை பயனரை எவ்வளவு பாதிக்கிறது என்பதை மட்டும் அளப்பதில்லை. எல்லாரிடமும் எதைக் கட்டாயமாகக் கேட்க முடியும் என்பதையும் சேர்த்தே அளக்கிறது. இரண்டும் வேறு வேறு கணக்குகள் என்பதைப் பக்கத் தலைப்பை வைத்துப் பார்ப்பது போல வேறெதை வைத்தும் தெளிவாகப் பார்க்க முடியாது.

முதலில் எண். டபிள்யூசிஏஜி எனப்படும் இந்த நெறித்தொகுப்பை டபிள்யூ3சி வெளியிடுகிறது, 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. அதில் நான்கு கோட்பாடுகள்: உள்ளடக்கம் உணரத்தக்கதாக இருக்க வேண்டும், இயக்கத்தக்கதாக இருக்க வேண்டும், புரியத்தக்கதாக இருக்க வேண்டும், எந்தக் கருவியிலும் உறுதியாக நிற்க வேண்டும். கோட்பாடுகளுக்குக் கீழே 13 நெறிகள். அவற்றின் கீழே 86 வெற்றி அளவுகோல்கள். 2.4.2 என்றால் இரண்டாம் கோட்பாட்டின் நான்காம் நெறியின் இரண்டாம் அளவுகோல். அதாவது பக்கத் தலைப்பு ‘இயக்கத்தக்கது’ என்பதன் கீழ் வருகிறது. இது முதற்பார்வையில் விசித்திரம்தான். தலைப்பு எழுத்தால் ஆனது, எழுத்து புரிதலுக்கு உரியது, ஆகவே அது மூன்றாம் கோட்பாட்டில் அல்லவா இருக்க வேண்டும்? டெவலப்பரைக் கேட்டால், எச்டிஎம்எல்லின் ஹெட் பகுதியில் கிடக்கும் டேக் அது, நிரலோடு சேர்ந்தது என்பார். நெறியை எழுதியவர்கள் இரண்டு பக்கமும் சாயவில்லை. பயனர் அந்தத் தலைப்பை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்று பார்த்தார்கள். நெறி 2.4 மூன்று வேலைகளைச் சொல்கிறது: தளத்துக்குள் நகர்வது, தேவையானதைக் கண்டுபிடிப்பது, இப்போது எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வது. ஒவ்வொரு பக்கத்திலும் திரும்பத் திரும்ப வரும் பட்டியைத் தாண்டிச் செல்லும் வசதி, ஃபோகஸ் நகரும் வரிசை, இணைப்பு எங்கே கொண்டுபோகும் என்ற தெளிவு ஆகியவை தலைப்போடு ஒரே கூரையின் கீழ் இருப்பது இதனால்தான்.

இந்த வகைப்பாட்டின் நியாயம், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவரின் மேசையில் தெரியும். மாவட்ட நூலகம் ஒன்றின் தளத்தில் ஐந்து பக்கங்களை ஐந்து டேப்களில் திறந்து வைத்திருக்கிறார் என்று கொள்வோம்: தேடல் முடிவு, ஒரு நூலின் விவரம், இரவல் கணக்கு, புதுப்பித்தல், நேர விவரம். கண்ட்ரோல் விசையோடு டேப் விசையை அழுத்தி ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது குரல் முதலில் சொல்வது பக்கத் தலைப்பைத்தான். ஐந்திலும் ‘மாவட்ட மைய நூலகம்’ என்றே வந்தால் அவர் ஒவ்வொரு டேப்புக்குள்ளும் இறங்கி, மேற்பட்டியைத் தாண்டி, முதல் சில வரிகளைக் கேட்டுத்தான் எது எது என்று பிரித்தறிய வேண்டும். ‘நூல் புதுப்பித்தல் – மாவட்ட மைய நூலகம்’ என்றிருந்தால் முதல் இரண்டு சொல்லிலேயே கை நின்றுவிடும். என்விடிஏ திரைவாசிப்பானில் இன்செர்ட் விசையோடு டி விசையை அழுத்தினால் தலைப்பை எப்போது வேண்டுமானாலும் மறுபடி கேட்கலாம். வழிதவறியவர் முதலில் அழுத்துவது அதைத்தான். இங்கே தலைப்பு படித்து ரசிக்கும் உரையாக இல்லை. நகர்வதற்கான கருவியாக இருக்கிறது. ஆகவே இயக்கத்தக்கது. ஒரு பக்கத்துக்குள் பொதிந்த ஐஃப்ரேமுக்கும் தலைப்பு வைக்கச் சொல்கிறார்கள், ஆனால் அந்தத் தலைப்பு இல்லாத குறை பெரும்பாலும் 4.1.2-இன் கீழ், அதாவது கருவிக்குப் பெயரும் பங்கும் தெரிய வேண்டும் என்ற விதியின் கீழ் பதிவாகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு, எனவே பெட்டியும் வேறு.

எண் இப்படியென்றால், எழுத்து எங்கிருந்து வந்தது? குழப்பத்தின் வேர் 1999-இல் இருக்கிறது. அந்த ஆண்டு மே மாதம் வந்த முதல் பதிப்பில் 14 நெறிகளும் 65 சோதனைப் புள்ளிகளும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமை 1, 2, 3 என்று எண் கொடுத்திருந்தார்கள். அந்த முன்னுரிமைக்கு வெளிப்படையான பொருள் உண்டு: முதலாவதை மீறினால் சிலரால் உள்ளடக்கத்தை அணுகவே முடியாது, இரண்டாவதை மீறினால் சிரமம், மூன்றாவதை மீறினால் ஓரளவு சிரமம். பாதிப்பின் கடுமைதான் அங்கே ஒரே அளவுகோல். அந்தப் பதிப்பில் ஃப்ரேம்களுக்குத் தலைப்பு வைப்பது முன்னுரிமை 1. பக்கத் தலைப்புக்கென்று தனியாக ஒரு சோதனைப் புள்ளியே இல்லை. ஃப்ரேம்களால் தளம் கட்டிய காலம் அது என்பதை நினைத்துக்கொண்டால் இது வியப்பில்லை. 2008 டிசம்பரில் 2.0 வந்தபோது முன்னுரிமை என்ற சொல்லையே எடுத்துவிட்டு ‘நிலை’ என்று வைத்தார்கள். ஆனால் ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என்ற எழுத்துகள் பழைய பதிப்பிலும் இணக்கத்தைக் குறிக்கப் பயன்பட்டவையே. எழுத்து மாறாததால், அதன் பின்னால் கணக்கு மாறியதைப் பலர் கவனிக்கவில்லை. இன்றும் 2.2-ஐ 1999-இன் கண்ணாடி போட்டுப் படிப்பவர்கள்தான் அதிகம்.

புதிய கணக்கு என்ன என்பதை டபிள்யூ3சி தன் விளக்க ஆவணத்தில் சொல்லியிருக்கிறது. ஒரு விதிக்கு நிலை தரும்போது பல கேள்விகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இது இல்லாவிட்டால் திரைவாசிப்பான் போன்ற துணைக்கருவியாலும் நிலைமையைச் சரிக்கட்ட முடியாதா? எல்லா வகைத் தளத்திலும், எல்லா வகை உள்ளடக்கத்திலும் இதை நிறைவேற்ற இயலுமா? இதற்கு வேண்டிய திறனை உள்ளடக்கம் எழுதுபவர் ஒரு வாரமோ அதற்குக் குறைவாகவோ பயிற்சி எடுத்துப் பெற்றுவிட முடியுமா? இது தளத்தின் தோற்றத்தையோ செயல்பாட்டையோ கட்டிப்போடுமா? இதை மீறினால் பயனருக்கு வேறு சுற்றுவழி உண்டா? முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் பயனரைப் பற்றியவை. நடுவில் உள்ளவை மூன்றும் தளம் நடத்துபவரைப் பற்றியவை. இந்த ஒரு பட்டியலைப் படித்தாலே போதும், எழுத்து என்பது பாதிப்பின் அளவு அல்ல, பேரத்தில் எட்டிய தரைமட்டம் என்பது விளங்கிவிடும். பேரம் என்ற சொல்லை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் பொதுவான எந்தத் தரமும் அப்படித்தான் பிறக்கிறது.

வெறும் விளக்கத்தை நம்ப வேண்டாம், விதிகளையே பார்க்கலாம். பதிவுசெய்த வீடியோவில் பேச்சை எழுத்தாகக் காட்டும் தலைப்புவரிகள் ஒற்றை ஏ. நேரலைக்கு அதே தலைப்புவரிகள் இரட்டை ஏ. பதிவுசெய்த வீடியோவுக்குச் சைகைமொழி பெயர்ப்பு மூன்று ஏ. காது கேளாதவர் ஒருவருக்கு நேரலைப் புயல் எச்சரிக்கை பழைய நிகழ்ச்சியின் பதிவைவிடக் குறைந்த முக்கியம் உடையது என்று யாராவது சொல்வார்களா? சைகைமொழியையே தாய்மொழியாகக் கொண்டு, எழுத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவருக்குச் சைகைமொழிதான் முதல் தேவை. அவருடைய தேவை பட்டியலின் அடியில் கிடக்கிறது. இறங்குமுகமாக வந்தது தேவை அல்ல. செய்வதன் கடினமும் செலவும் ஏறுமுகமாகப் போக, அதற்கேற்ப எழுத்து கூடிக்கொண்டு போயிருக்கிறது. ஃபோகஸ் தெரிவது இன்னொரு சான்று. பார்வை உண்டு, ஆனால் மவுஸ் பிடிக்கக் கை ஒத்துழைக்காதவர் விசைப்பலகையால்தான் நகர்கிறார். ஃபோகஸைச் சுற்றிவரும் கோட்டை அழகு கெடுகிறது என்று வடிவமைப்பாளர் அழித்துவிட்டால் அவர் இருட்டில் நடக்கிறார். 2.2 உருவானபோது சில வரைவுகளில் இந்த விதியை ஒற்றை ஏ-வுக்கு உயர்த்தியும் பார்த்தார்கள். இறுதிப் பதிப்பில் அது பழையபடி இரட்டை ஏ-யாகவே நின்றது. இடையில் பயனரின் சிரமம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

எதிர்த்திசையில் நடந்ததும் உண்டு, அதுதான் இன்னும் அழுத்தமான சான்று. 4.1.1 என்றொரு விதி இருந்தது. டேக்குகளை ஒழுங்காகத் திறந்து மூட வேண்டும், ஒரே அடையாளப் பெயரை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது என்கிற, நிரல் இலக்கணம் சார்ந்த விதி. 2008-இல் அது ஒற்றை ஏ, அதாவது கட்டாயங்களிலும் கட்டாயம். 2023-இல் 2.2 வந்தபோது அதை அடியோடு நீக்கிவிட்டார்கள். காரணம், அன்று திரைவாசிப்பான்கள் பக்கத்தின் நிரலை நேரடியாகப் படித்தன, பிழை இருந்தால் தடுமாறின. இன்று பிரவுசரே பிழையைச் சரிசெய்து ஒழுங்கான வடிவில் அவற்றிடம் கொடுக்கிறது. முதல் கேள்விக்கான விடை மாறியது, விதி உதிர்ந்தது. ஒற்றை ஏ என்பது என்றென்றைக்குமான முக்கியத்துவமாக இருந்திருந்தால் இப்படி ஒரே மூச்சில் உச்சியிலிருந்து காணாமற்போக முடியாது.

இப்போது பக்கத் தலைப்பை அதே கேள்விகளுக்குள் செலுத்திப் பார்க்கலாம். துணைக்கருவியால் ஈடுகட்ட முடியுமா? தலைப்பு காலியாக இருந்தால் பக்கத்தின் முகவரியோ கோப்பின் பெயரோதான் ஒலிக்கும். பக்கம் எதைப் பற்றியது என்பதை எழுதியவர் சொல்லாமல் கருவி உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லா உள்ளடக்கத்துக்கும் பொருந்துமா? இந்தக் கேள்வியில்தான் தலைப்பு மற்ற உறவுகளிடமிருந்து பிரிகிறது. 2.4.10 ஏன் மூன்று ஏ என்பதற்கு டபிள்யூ3சி தரும் விளக்கம் சுவையானது: ஏற்கெனவே எழுதப்பட்ட ஓர் ஆவணத்தை வலையேற்றும்போது, ஆசிரியர் வைக்காத துணைத்தலைப்பை நாம் நடுவில் செருக முடியாது, ஒரு நீண்ட கடிதத்துக்குள் துணைத்தலைப்பு போட்டால் கேலிக்கூத்தாகிவிடும். பக்கத் தலைப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது ஆசிரியரின் உரைக்கு வெளியே நிற்கிறது. நூறாண்டு பழைய கடிதமானாலும் அதில் ஓர் எழுத்தைத் தொடாமல் ‘யார் யாருக்கு, எந்த ஆண்டு’ என்று தலைப்பு வைத்துவிடலாம். பயிற்சி ஒரு வாரம் வேண்டாம், ஒரு மதியம் போதும். தோற்றத்தைக் கெடுக்குமா என்றால், பக்கத்தின் பரப்பில் ஒரு பிக்சல் கூட அது எடுத்துக்கொள்வதில்லை. வடிவமைப்பாளர் சண்டைக்கு வர ஒன்றுமில்லை. கடைசிக் கேள்வியில் மட்டும் தலைப்பின் வழக்கு சற்று பலவீனம்: உள்ளே போய்ப் படித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் சுற்றுவழி உண்டு. மற்ற நான்கிலும் தடையின்றித் தேறியதால்தான் அது ஒற்றை ஏ ஆனது. வேறு விதமாகச் சொன்னால், தலைப்பு கட்டாயமானதற்கு அதன் தேவை எவ்வளவு காரணமோ, அது எவ்வளவு மலிவு என்பதும் அவ்வளவு காரணம்.

இங்கே ஒரு மறுப்பு வரும். சுற்றுவழி உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகு தலைப்பை ஏன் கட்டாயம் ஆக்க வேண்டும், பக்கத்தின் உள்ளே பெரிய எழுத்தில் முதன்மைத் தலைப்பு இருக்கிறதே, அது போதாதா? போதாது. பேருந்துக்குள் ஏறி நடத்துநரிடம் கேட்டால் ஊர் தெரியும் என்பதற்காக நெற்றிப் பலகையைக் கழற்றிவிட முடியாது. டைட்டில் டேக்கில் உள்ள தலைப்பு பக்கத்தை விட்டு வெளியே பயணம் செய்கிறது: டேப்பில், புக்மார்க்கில், பார்த்த பக்கங்களின் வரலாற்றில், தேடல் முடிவுகளில். உள்ளே உள்ள தலைப்பு பொதுவாக அங்கெல்லாம் வராது. இது பார்வையற்றவருக்கு மட்டுமான வசதியும் அல்ல. நினைவில் வைத்துக்கொள்ளச் சிரமப்படுபவர், பாதியில் எழுந்து போய்த் திரும்பி வருபவர், ஒவ்வொரு சொடுக்குக்கும் உடல் வலியை விலையாகக் கொடுப்பவர் ஆகியோருக்கும் தவறான டேப்பைத் திறப்பது வெறும் எரிச்சலாக முடிவதில்லை.

விதி எதைக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தணிக்கையில் சண்டை நடப்பது அங்கேதான். தலைப்பு தனித்துவமாக இருக்க வேண்டும் என்று 2.4.2 சொல்லவில்லை. தளத்தின் பெயர் இடம்பெற வேண்டும் என்றும் சொல்லவில்லை. இவையெல்லாம் டபிள்யூ3சியின் நுட்பக் குறிப்புகளில் நல்ல பழக்கமாகச் சொல்லப்படுபவை. நுட்பக் குறிப்புகளுக்கு விதியின் கட்டாயம் கிடையாது. தோல்வி என்று ஐயமின்றிப் பதிவுசெய்யத்தக்கவை வேறு: ‘அன்டைட்டில்ட் டாக்குமென்ட்’ என்று மென்பொருள் தானாக வைத்ததை அப்படியே விட்டிருப்பது, கோப்புப் பெயரே தலைப்பாக நிற்பது, வேறொரு பக்கத்திலிருந்து நகலெடுத்தபோது பழைய தலைப்பு ஒட்டிக்கொண்டு வந்திருப்பது. இவற்றுக்கு நடுவே பெரிய சாம்பல்நிற நிலம் இருக்கிறது. நூலகத் தளத்தின் ஐந்து பக்கங்களும் ஒரே பெயரைச் சுமந்தால் அது மீறலா? நேர விவரப் பக்கத்தை அந்தப் பெயர் விவரிக்கவில்லை என்பதால் மீறல் என்பது நேர்மையான வாசிப்பு. ஆனால் ஒரு வலைச்செயலிக்குச் செயலியின் பெயரே போதும் என்று டபிள்யூ3சி விளக்கமே இடம் கொடுக்கிறது. முகவரி மாறாமல் உள்ளே மட்டும் திரை மாறும் ஒற்றைப் பக்கச் செயலியைக் கட்டியவர் அந்த வரியைக் காட்டித் தப்பித்துக்கொள்ள முடியும். எழுத்தளவில் அவர் தேறிவிடலாம். திரை மாறியதும் தலைப்பு மாறாததால், குரல் எதுவும் சொல்லாமல், சொடுக்கியது நடந்ததா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பயனருக்கு அந்தத் தேர்ச்சியால் பயனில்லை. தானியங்கிச் சோதனைக் கருவிகள் இந்தச் சாம்பல்நிறத்துக்குள் நுழைவதே இல்லை. டேக் இருக்கிறதா, அது காலியா என்பதோடு அவை நிறுத்திக்கொள்ளும். ‘பக்கம் 1’ என்ற தலைப்புக்கும் பச்சைக் குறி விழும். விவரிக்கிறதா என்பதை மனிதர்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் தரைமட்டத்துக்கு மேலே நின்று தலைப்பை எப்படி எழுதுவது? குறிப்பானது முன்னே, பொதுவானது பின்னே. டேப்பில் தெரிவது முதல் சில எழுத்துகள்தான். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆகவே தளத்தின் முழுப்பெயரை முன்னே வைத்தால் மிச்சத்துக்கு இடமே இராது. பல படிகளைக் கொண்ட விண்ணப்பம் என்றால் படியின் பெயரும் எண்ணும் தலைப்பில் வரட்டும்: ‘முகவரி (படி 2 / 4) – உறுப்பினர் விண்ணப்பம்’. படிவத்தில் தவறு இருந்து அதே பக்கம் மறுபடி வரும்போது தலைப்பின் தொடக்கத்திலேயே ‘பிழை:’ என்று சேர்ப்பது மிக நல்ல வழக்கம். பிரிட்டிஷ் அரசின் வடிவமைப்புத் தொகுப்பு இதைப் பரிந்துரைக்கிறது. பக்கம் ஏற்றப்பட்டதும் குரல் முதலில் சொல்வது தலைப்பு என்பதால், விண்ணப்பம் போய்ச் சேரவில்லை என்ற செய்தி முதல் நொடியிலேயே காதில் விழுந்துவிடும். 2.4.2 இதைக் கேட்கவில்லை. பிழையைச் சுட்டச் சொல்லும் 3.3.1-உம் அதை இந்த இடத்தில் வைக்கச் சொல்லவில்லை. தேடுபொறிக்காகச் சொற்களைத் திணிக்கும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாலு ஊர்ப்பெயரும் மூன்று ‘சிறந்த’வும் கோத்த தலைப்பை ஒரு முறை குரலில் கேட்டால் எழுதியவரே அழித்துவிடுவார்.

தமிழ்த் தளங்களுக்கு ஒரு தனிக் கவலை உண்டு. டைட்டில் டேக்குக்குள் வேறு டேக் எதையும் போட முடியாது, வெறும் எழுத்து மட்டுமே. பக்கத்தின் உடலில் ஆங்கிலச் சொற்றொடர் வந்தால் இது இந்த மொழி என்று தனியே குறிக்கலாம் (3.1.2, இரட்டை ஏ), தலைப்பின் நடுவில் அப்படிக் குறிக்க வழியில்லை. தலைப்பு பொதுவாகப் பக்கம் முழுவதற்கும் அறிவித்த மொழியையே (3.1.1, ஒற்றை ஏ) பற்றிக்கொள்கிறது. வார்ப்புருவை எங்கிருந்தோ எடுத்து, மொழிக்குறியை ஆங்கிலமாகவே விட்டுவிட்டுத் தமிழில் தலைப்பு எழுதினால், மொழிக்கேற்பக் குரலை மாற்றும் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலைக் கொண்டு தமிழ் எழுத்தைப் படிக்க முயலும். வருவது உளறல் அல்லது மௌனம். இங்கே 2.4.2 தேறிவிட்டது, தோற்றது 3.1.1. ஒரே டேக்கில் நேர்ந்த ஒரு குறை எந்தப் பெட்டியில் விழும் என்பது பயனருக்கு எந்த இடத்தில் தடை என்பதைப் பொறுத்தது. ஆகவே தமிழ்ப் பக்கத்துக்குத் தலைப்பு எழுதும்போதே மொழிக்குறியையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது, தணிக்கைப் பட்டியலில் இரண்டுக்கும் நடுவே எத்தனை வரிசை இடைவெளி இருந்தாலும்.

இத்தனைக்கும் மேல் ஒரு கனமான மறுப்பு பாக்கி இருக்கிறது. எழுத்தின் பின்னணி எதுவாகவும் இருக்கட்டும், சட்டமும் ஒப்பந்தமும் இரட்டை ஏ என்ற கோட்டில்தானே நிற்கின்றன, அப்படியிருக்க எழுத்தைப் பார்த்து வேலையை வரிசைப்படுத்துவதில் என்ன தவறு என்று நிர்வாகி கேட்பார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டுநெறிகளின் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பு டபிள்யூசிஏஜி 2.1-இன் இரட்டை ஏ-யைத்தான் அடித்தளமாகக் கொள்கிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் போடப்பட்ட அணுகல் விதி வெறும் பரிந்துரையாக நிற்கிறது, அது சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்து, பேரத்துக்கு இடமில்லாத குறைந்தபட்ச விதிகளைத் தனியாகவும், விரிவான வழிகாட்டுதல்களைத் தனியாகவும் பிரிக்கச் சொன்னது. அந்தப் பிரிப்பே நான் சொல்வதற்குப் பக்கபலம். குறைந்தபட்சம் என்பது எங்கே நிறுத்தக் கூடாது என்பதற்கான கோடு. எதை முதலில் செய்ய வேண்டும் என்பதற்கான வரிசை அல்ல. இரட்டை ஏ இணக்கம் என்றால் 2.2-இன்படி 31 ஒற்றை ஏ விதிகளும் 24 இரட்டை ஏ விதிகளும், ஆக 55-ம் நிறைவேற வேண்டும். ஒரு பக்கத்தில் அவற்றில் எது தவறினாலும் அந்தப் பக்கம் இணங்கவில்லை. இணக்கத்தின் கண்ணில் தலைப்பு இல்லாததும் ஃபோகஸ் தெரியாததும் ஒரே தோல்வி. கோட்டுக்கு உள்ளே இரண்டுக்கும் ஏற்றத்தாழ்வு கற்பிப்பது சட்டம் அல்ல, நம் வாசிப்புப் பழக்கம். பணம் செலுத்தும் பக்கத்தில் ஃபோகஸ் மறைந்திருக்கிறது, ‘எங்களைப் பற்றி’ பக்கத்தின் தலைப்பு மோசமாக இருக்கிறது என்றால், எழுத்து எதைச் சொன்னாலும் முதலில் திருத்த வேண்டியது பணம் செலுத்தும் பக்கம்.

மூன்று ஏ-யைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்குவதும் இதே பழக்கத்தின் இன்னொரு முகம். ஒரு தளம் முழுவதற்கும் மூன்று ஏ-யைப் பொதுக்கொள்கையாகக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று டபிள்யூ3சியே சொல்கிறது; சில உள்ளடக்கத்துக்கு அது இயலாது என்பதே அதற்குக் காரணம். வேண்டவே வேண்டாம் என்று அது சொல்லவில்லை. தலைப்பின் அண்டை வீட்டிலேயே பாருங்கள். தளத்துக்குள் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று காட்டும் 2.4.8 மூன்று ஏ. ‘முகப்பு, உறுப்பினர், புதுப்பித்தல்’ என்று தடம் காட்டும் ஒரு வரியைப் பல வார்ப்புருக்கள் இலவசமாகவே தருகின்றன. கட்டாயமில்லை என்று எழுதியிருப்பதால் அதை அணைத்து வைப்பவர், விதியைப் படித்தவரே தவிர அதன் நோக்கத்தைப் படித்தவர் அல்ல.

ஆகவே தணிக்கைத் தாளில் நிலை என்ற கட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்களைச் சேருங்கள். ஒன்று, இந்தக் குறையால் பயனரின் எந்த வேலை நிற்கிறது: நின்றேவிடுகிறதா, சுற்றிப் போக வேண்டியிருக்கிறதா, வெறும் தாமதமா. மற்றொன்று, திருத்தம் யார் கையில் இருக்கிறது: வார்ப்புருவிலா, தனிப் பக்கத்திலா, வெளியார் தந்த செயலியிலா. பக்கத் தலைப்புக் குறைகளை இப்படிப் பிரித்தால் அவற்றில் பெரும்பங்கு வார்ப்புருவில் ஓரிரு வரிகளைத் தொட்டாலே தீரும் என்பது தெரியவரும். முதன்மைத் தலைப்பை எடுத்து, ஒரு கோடு போட்டு, தளப்பெயரைச் சேர்க்கும் ஒரு வரி நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒரே நாளில் சரிசெய்துவிடும். மிச்சம் இருப்பவை மூன்று வகை. படிவத்தின் படிகளும் பிழைத் திரைகளும் கையால் எழுத வேண்டியவை. ஒற்றைப் பக்கச் செயலியில் ஒவ்வொரு திரை மாற்றத்தோடும் தலைப்பை மாற்றும் வேலை டெவலப்பருடையது. பிடிஎஃப் கோப்புகள் மூன்றாவது: அவற்றின் ஆவணப் பண்புகளில் தலைப்பை நிரப்பி, கோப்புப் பெயருக்குப் பதில் தலைப்பைக் காட்டு என்ற அமைப்பையும் இட வேண்டும். ஸ்கேன் செய்து ஏற்றிய சுற்றறிக்கைகள் நிறைந்த தளமாக இருந்தால், அந்தக் கோப்புகளை வலையேற்றும் அலுவலரின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டு, தலைப்பு நிரப்பாத கோப்பை ஏற்க மறுக்கும்படி பதிவேற்றப் படிவத்தையே மாற்றச் சொல்லுங்கள்.